மெலிவின் சந்தையும் மக்களின் ஊட்டமும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இந்திய வேளாண் பொருளாதாரத்தில் 'பருவம்' என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரு கசப்பான பொருள் உண்டு. விதைப்பு முடிந்து அறுவடை தொடங்கும் வரையுள்ள மாதங்களில் குதிர் வெறுமையாகும். கூலி வேலை குறையும். தானிய விலை ஏறும். அம்மாதங்களில் நிலமற்ற உழைப்பாளியின் உடல் எடை குறைந்து, அறுவடைக்குப் பின் மீண்டும் ஏறும். இந்தப் பருவப் பசியை அகற்றுவதே விடுதலைக்குப் பிந்திய உணவுக் கொள்கையின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பொது விநியோக முறை, 1975-இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள், 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், ஊரக மக்களில் 75 சதவிகிதத்தினர் வரையிலும் நகர்ப்புற மக்களில் 50 சதவிகிதத்தினர் வரையிலும் மலிவு விலைத் தானியத்திற்கு உரிமை பெறச் செய்த 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை இந்நோக்கத்தின் படிக்கட்டுகள்.

பொருளாதார மாற்றத்தின் விளைவாக இன்று வேறொரு பருவம் தோன்றியுள்ளது. இதனை வகுப்பது மழையன்று, விற்பனை நாட்காட்டி. குஜராத்தில் நவராத்திரியின் கர்பா நடனத்திற்கு முந்திய வாரங்கள், வங்காளத்தில் துர்கா பூசைக்கு முந்திய மாதம், வட மாநிலங்களில் கார்த்திகை வளர்பிறை ஏகாதசிக்குப் பின் தொடங்கும் திருமண முகூர்த்தங்கள், ஆங்கிலப் புத்தாண்டின் உறுதிமொழிகள் ஆகிய ஒவ்வொன்றிற்கும் முன்பு 'உடலைக் குறைத்துக் கொள்ளுங்கள்' என்ற விளம்பரங்கள் பெருகுகின்றன. பண்டிகையின்போது இனிப்புகளை வாங்கத் தூண்டும் சந்தையே, பண்டிகை முடிந்த மறுவாரம் அதற்குக் கழுவாயாகப் பட்டினியையும் விற்கிறது. பொருளில்லாமையால் ஏற்பட்ட பசியைக் குறைக்க அரசு பெருந்தொகை செலவிட்ட ஒரு நாட்டில், பொருள் கொடுத்து வாங்கப்படும் பசி ஒன்று பரவி வருவது கவனத்திற்குரியது.

இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. நாட்டின் ஊட்டச்சத்து நிலையைக் காட்டும் புள்ளிவிவரங்களோடு சேர்த்து நோக்கும்போதுதான் இதன் முழு உருவம் புலப்படும்.

இருமுனைச் சுமை

2019-21 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 18.7 சதவிகிதத்தினர் இயல்பிற்குக் குறைந்த எடையுடையவர்கள். 24 சதவிகிதத்தினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2015-16 ஆம் ஆண்டுகளின் நான்காம் ஆய்வில் இவ்விகிதங்கள் முறையே 22.9, 20.6 ஆக இருந்தன. அதாவது, இடைப்பட்ட காலத்தில் இரு கோடுகளும் ஒன்றையொன்று கடந்துவிட்டன. ஆண்களிடையேயும் மெலிவு 16.2 சதவிகிதமாகவும் மிகை எடை 22.9 சதவிகிதமாகவும் காணப்பட்டன.

உடற்பருமன் உண்மையான பிரச்சினை என்பதில் ஐயமில்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய் ஆகியவற்றுடன் அது கொண்டுள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. 2025 பிப்ரவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டைப் பத்து சதவிகிதம் குறைக்குமாறு வேண்டிக் கொண்டதும் இக்கவலையினாலேயே. ஆனால் அதே குடும்பநல ஆய்வு இன்னொரு செய்தியையும் தருகிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கும், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவிகிதத்தினருக்கும் இரத்தசோகை உள்ளது. முந்திய ஆய்வைவிட இவ்விரு விகிதங்களும் உயர்ந்துள்ளன.

'குறைவாக உண்ணுங்கள்' என்ற விளம்பரச் செய்தி யாருடைய செவியில் விழுகிறது என்பதே இங்கு எழும் வினா. விளம்பரத்திற்கு எடைக் கருவி கிடையாது. மிகை எடையுள்ள நடுத்தர வயதினரையும், இரத்தம் குன்றிய பதினேழு வயதுக் கல்லூரி மாணவியையும் அது ஒரே குரலில் அழைக்கிறது. அந்த அழைப்பிற்கு விரைந்து இணங்குபவர், பெரும்பாலும், இணங்கத் தேவையில்லாதவரே. உடல் தோற்றம் பற்றிய அச்சம் இளம் வயதில் மிகுதி. மருத்துவக் காரணங்களால் எடை குறைக்க வேண்டிய நிலையோ பெரும்பாலும் பிற்பட்ட வயதில் வருவது.

எடை சொல்லாத உண்மை

உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்படும் உடல் நிறைக் குறியீட்டெண்ணின் வரலாறு அறியத்தக்கது. பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்டிலே, பெருந்திரளான மக்களின் சராசரியை விளக்குவதற்காக 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விகிதத்தை வகுத்தார். 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் இதற்கு இன்றைய பெயரை வழங்கினார். மக்கள் தொகையை அளக்க உகந்த இக்கருவி, தனி மனிதரின் உடல்நலத்தை முழுமையாகச் சொல்லிவிடாது.

இந்தியரைப் பொறுத்தவரை இது மேலும் உண்மை. புனே நகரின் மருத்துவ அறிஞர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தின் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல்களையே சான்றாக வைத்து ஓர் உண்மையை விளக்கினர். இருவருடைய குறியீட்டெண்ணும் 22.3. ஆயினும் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவிகிதமாகவும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதமாகவும் இருந்தது. புனேயைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடந்த ஆய்வுகள் இதன் வேர் கருப்பையிலேயே இருப்பதைக் காட்டின. அவ்வூர்களின் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையுடன் பிறந்தன. இங்கிலாந்துக் குழந்தைகளின் சராசரியோ 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் இவ்வளவு குறைந்திருந்த குழந்தைகள், தோலடிக் கொழுப்பில் மட்டும் அந்த அளவிற்குக் குறைந்திருக்கவில்லை.

இதன் படிப்பினை தெளிவானது. வெளித்தோற்றத்தின் மெலிவு நலத்தின் அடையாளமாகாது. ஊட்டமற்ற தாய் ஈன்ற மெலிந்த குழந்தையே பிற்காலத்தில் நீரிழிவிற்கு எளிதில் ஆட்படுகிறது. ஆகவே இளம்பெண்ணைப் பட்டினிக்குத் தூண்டும் பண்பாடு, உடற்பருமன் நோய்களைத் தடுப்பதற்கு மாறாக, அடுத்த தலைமுறையில் அவற்றுக்கு விதையிடுகிறது. திருமணத்திற்கு முந்திய ஓரிரு மாதங்களில் கடுமையான உணவுக் குறைப்பை மேற்கொள்ளும் மணமகள், திருமணமான சில மாதங்களுக்குள் கருவுறக் கூடும். அவள் உடலில் இருக்க வேண்டிய இரும்புச் சத்தின் சேமிப்பு எந்த நேரத்தில் தேவையோ, அந்த நேரத்திற்குச் சற்று முன்புதான் அது கரைக்கப்படுகிறது.

கணக்குப் பொய்யாகும் வாக்குறுதி

'பத்தே நாட்களில் ஐந்து கிலோ' என்ற வகை விளம்பர வாக்குறுதியை எளிய கணக்கால் சோதிக்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் உள்ளது. ஐந்து கிலோ கொழுப்பைக் கரைக்க 38,500 கலோரி, அதாவது நாளொன்றுக்கு 3,850 கலோரிப் பற்றாக்குறை வேண்டும். கடின உழைப்பு இல்லாத இந்தியப் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கணித்த அன்றாட ஆற்றல் தேவையே 1,660 கலோரிதான். ஒன்றுமே உண்ணாதிருந்தாலும் இவ்வாக்குறுதி நிறைவேறாது. விரைவில் குறையும் எடையில் பெரும்பகுதி நீரும் தசையுமாகும்.

வாரத்திற்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்றும், எடை குறைப்பு உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழே செல்லலாகாது என்றும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி அறிவுறுத்தியுள்ளது. பெண்ணுக்கு நாள்தோறும் பரிந்துரைக்கப்படும் 29 மில்லிகிராம் இரும்புச் சத்தை, வழக்கமான உணவிலிருந்தே பெறுவது அரிது. உணவைப் பாதியாக்கினால் அச்சத்தும் பாதியாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பட்டினியின் மனவிளைவுகளும் அறிவியலால் ஆராயப்பட்டவையே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 ஆம் ஆண்டுகளில், மேற்குறித்த ஆன்சல் கீஸ் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள 36 தொண்டர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுடைய உணவு ஏறத்தாழப் பாதியாக்கப்பட்டது; எடையில் கால் பங்கு குறைந்தது. அவர்கள் சோர்வுற்றனர், எரிச்சலுற்றனர், எந்நேரமும் உணவைப் பற்றியே சிந்தித்தனர். கட்டுப்பாடு நீங்கிய பின் சிலர் அளவின்றி உண்டனர். பலருடைய உடற்கொழுப்பு முன்னைய அளவையும் மிஞ்சியது. மனவலிமையின்மை என்று தம்மையே நொந்துகொள்ளும் இளைஞர்கள், இது உடலின் இயல்பான எதிர்வினை என்பதை அறிதல் நலம்.

நோன்பு இந்தியருக்குப் புதிதன்று என்று கூறி இதற்கு நியாயம் கற்பிப்போரும் உளர். ஏகாதசி, ரமலான், பர்யுஷன் போன்ற நோன்புகளுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அவை கூட்டாகக் கடைப்பிடிக்கப்படுபவை. நோயாளியும் கருவுற்றவரும் விலக்குப் பெறுவர். கண்ணாடியில் தெரியும் உருவம் அவற்றின் குறிக்கோளும் அன்று. சந்தை விற்கும் பட்டினிக்கு இவ்வரம்புகள் எவையும் இல்லை. மறுபுறம், வீட்டில் அனைவரும் உண்ட பின் எஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கமும் இந்நாட்டில் இன்னும் மறையவில்லை. பழைய வழக்கம் தந்த குறைவும் புதிய நாகரிகம் தரும் குறைவும் ஒரே தட்டில் வந்து சேருகின்றன.

சந்தையின் இலக்கணம்

உற்பத்தியாளரே தேவையையும் உருவாக்குகிறார் என்ற கருத்தைப் பொருளியல் அறிஞர் கால்பிரைத் 1958-இல் வலியுறுத்தினார். மெலிவின் சந்தைக்கு இது முழுமையாகப் பொருந்தும். இச்சந்தைக்கு மற்றொரு விந்தையான இயல்பும் உண்டு. சோப்போ செருப்போ பயன் தரவில்லையெனில் வாங்குபவர் அவ்வணிகச் சின்னத்தைக் கைவிடுவார். எடை குறைப்புப் பொருள் பயன் தராவிடில் அவர் தம்மையே குறை கூறிக்கொண்டு, அடுத்த பருவத்தில் மீண்டும் வாங்குகிறார். சரக்கின் தோல்வியே அடுத்த விற்பனைக்கு முதலாகும் சந்தைகள் மிகச் சிலவே.

உறுதிமொழிப் பருவத்தில் வாங்கப்படும் ஆண்டுச் சந்தாக்களின் தன்மையை அமெரிக்க ஆய்வொன்று காட்டியுள்ளது. உடற்பயிற்சிக் கூடங்களின் உறுப்பினர்களைப் பற்றி டெல்லாவின்யா, மால்மெண்டியர் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாதம் 70 டாலருக்கு மேல் செலுத்தியவர்கள் வந்த நாட்கள் மிகக் குறைவாக இருந்ததால், ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தனர். பத்து டாலருக்கு ஒரு வருகைச் சீட்டு அதே கூடத்தில் கிடைத்தது. தம் எதிர்கால மனவுறுதியை மனிதர் மிகையாக மதிப்பிடுவதே இச்சந்தையின் மூலதனம்.

உருவங்கள் பரவும் வேகத்திற்கும் இதில் பங்குண்டு. ஃபிஜித் தீவின் நட்ரோகாப் பகுதிக்குத் தொலைக்காட்சி 1995-இல் வந்தது. அங்குப் பள்ளி மாணவியரிடையே ஆய்வு நடத்திய அமெரிக்க அறிஞர் ஆன் பெக்கர், எடையைக் குறைப்பதற்காக வாந்தியை வரவழைத்துக் கொண்ட மாணவியர் 1995-இல் எவரும் இல்லை என்றும், 1998-இல் அவ்விகிதம் 11.3 சதவிகிதமாக இருந்தது என்றும் கண்டறிந்தார். பருத்த உடலை வளமையின் அடையாளமாகப் போற்றிய சமுதாயம் அது. இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி 1991-இல் பரவத் தொடங்கியது; 1994-இல் உலக அழகிப் பட்டங்கள் இரண்டும் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்தபின் அழகுப் பொருள்களின் சந்தை விரிந்தது. இன்று கைப்பேசித் திரை அவ்வேலையை நாள் முழுவதும் செய்கிறது. திருமண விளம்பரங்களில் நிறத்தோடு 'ஒல்லியான' என்ற அடைமொழியும் இடம்பெறுவது, தோற்றத்திற்குச் சமுதாயம் வைத்துள்ள விலையை வெளிப்படையாகக் காட்டுகிறது. இளைஞர்களிடையே இதே நெருக்கடி, தசைப் பெருக்கம் என்ற வடிவில் புரதப் பொடிகளையும் ஊக்க மருந்துகளையும் நாடச் செய்கிறது.

சட்டத்தின் வலிமையும் எல்லையும்

இத்துறையில் சட்டங்கள் இல்லாமலில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் இடம்பெற்றுள்ளது. அதனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்தல் குற்றமாகும். உணவுப் பொருள்களின் பொய்யான விளம்பரத்திற்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அமைத்த மத்திய ஆணையம், விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்போர் மீதும் பத்து லட்சம் ரூபாயும், மீண்டும் தவறினால் ஐம்பது லட்சம் ரூபாயும் வரை தண்டம் விதிக்கலாம். 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிகள், குழந்தைகளிடம் தம் உடலைப் பற்றித் தாழ்வான எண்ணத்தை வளர்க்கும் விளம்பரங்களை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. உடல் தோற்றம் குறித்த மனநெருக்கடி இந்திய ஒழுங்குமுறை ஆவணமொன்றில் இவ்வாறு இடம்பெற்றது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 2023 ஆகஸ்டில் நலவாழ்வு பற்றிச் சமூக ஊடகங்களில் பேசுவோருக்கும் தனி நெறிகள் வகுக்கப்பட்டன.

மருந்துகளின் வரலாறும் எச்சரிக்கை தருவதே. எடை குறைக்கும் மருந்துகளான ஃபென்ஃப்ளூரமைன் 1998-இலும், ரிமோனபான்ட் 2009-இலும், சிபுட்ரமைன் 2011-இலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் வந்தபோது பெரும் நம்பிக்கையோடு வரவேற்கப்பட்டதேயாகும். 2025-இல் டிர்செபடைட், எடை குறைப்பிற்கான செமாகுளுடைட் ஆகிய ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. நீரிழிவு, கடும் உடற்பருமன் ஆகியவற்றால் துன்புறுவோருக்கு இவற்றின் பயன் ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. மருத்துவரின் சீட்டும் கண்காணிப்பும் இன்றி, முகூர்த்தத்திற்கு முன் சில கிலோ குறைப்பதற்காக இவற்றை நாடுவது வேறு செயல். இவ்விரண்டையும் பிரித்தறிவது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு.

சட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. பொய்யான வாக்குறுதியைத் தண்டிக்கலாம். ஒல்லியான உருவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவதைத் தண்டிக்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் ஆசிரியரும் களப்பணியாளரும் ஆவர்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அரசு தன் சொந்த நாட்காட்டியைப் பயன்படுத்த வேண்டும். 2018 முதல் செப்டம்பர் மாதம் தேசிய ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நவராத்திரிக்கும் முகூர்த்த காலத்திற்கும் சற்று முந்திய இவ்வேளையில், கல்லூரிகளிலும் மகளிர் விடுதிகளிலும் எடையைப் பற்றிய பேச்சைக் குறைத்து, இரத்தப் பரிசோதனையை முன்னிறுத்தலாம். ஹீமோகுளோபின் அளவை அறிந்த மாணவி விளம்பரத்தை வேறு கண்ணோடு காண்பாள்.

இரண்டாவதாக, அளக்கும் முறையில் கண்ணியம் வேண்டும். வகுப்பின் முன் மாணவியை நிறுத்தி எடையை உரக்கப் படிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அளவீடு தனியிடத்தில் நடக்க வேண்டும்; முடிவு மாணவிக்கும் பெற்றோருக்கும் மட்டுமே தெரிவிக்கப்பட வேண்டும். 2025 மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பள்ளிகளில் சர்க்கரை அளவு பற்றிய பலகைகளை வைக்குமாறு பணித்தது. அத்தகைய முயற்சிகள் உணவைப் பற்றிக் கற்பிக்க வேண்டுமேயன்றி, பருத்த குழந்தையைச் சுட்டிக்காட்டும் கருவியாகிவிடலாகாது. கேலிக்கு ஆளான குழந்தை ஒளிந்து உண்ணும்; அல்லது உண்ணாதிருக்கும்.

மூன்றாவதாக, மாவட்ட அளவில் உணவுப் பாதுகாப்பு, மருந்துக் கட்டுப்பாடு, நுகர்வோர் நலம் ஆகிய துறைகளின் அலுவலர்கள் பண்டிகைப் பருவத்திற்கு முன் ஒன்றுகூடி, உள்ளூர் நாளிதழ்களிலும் கம்பிவடத் தொலைக்காட்சியிலும் வரும் எடை குறைப்பு விளம்பரங்களை ஆராயலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் குடிமக்களிடையே பரப்பலாம். உணவை அறவே வெறுத்தல், உண்டபின் வாந்தியெடுத்தல் ஆகிய அறிகுறிகளுக்கு மனநல உதவி தேவை. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண் இதற்கெனப் பள்ளிகளில் எழுதி வைக்கத் தக்கது.

நான்காவதாக, உண்மையான மாற்று எல்லோர் கைக்கும் எட்டியதாக இருக்க வேண்டும். பருப்பு, கீரை, முட்டை, பழம் ஆகியவற்றின் விலை, எண்ணெயில் பொரித்த பொட்டலத் தின்பண்டத்தின் விலையைவிட மிகுந்திருக்கும் வரை அறிவுரை மட்டும் பயன் தராது. பெண்கள் அச்சமின்றி நடக்கவும் விளையாடவும் இடமில்லாத நகரில், உடற்பயிற்சி என்பது சந்தா செலுத்த வல்லவரின் உரிமையாகவே நின்றுவிடும். பூங்காவும் விளக்கொளி உள்ள நடைபாதையும் ஊட்டச்சத்துத் திட்டத்தின் பகுதிகளே என்பதை நகராட்சிகள் உணர வேண்டும்.

இந்தியாவின் உழைக்கும் வயதினர் தொகை உலகிலேயே பெரிய அளவினது என்று பெருமையுடன் கூறப்படுகிறது. அத்தொகையின் மதிப்பு, அவர்களின் உடல் வலிமையாலும் உள்ளத் தெளிவாலும் அளவிடப்படுவது. அறுவடைக்கு முந்திய பசியை வெல்ல நாட்டிற்கு அரை நூற்றாண்டிற்கு மேல் தேவைப்பட்டது; அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. இந்நிலையில், நிறைந்த தட்டின் முன் அமர்ந்து கண்ணாடிக்கு அஞ்சிக் கையை விலக்கிக் கொள்ளும் இளம்பெண்ணும் ஊட்டச்சத்துத் திட்டத்தின் பயனாளியே. அங்கன்வாடிக்கு வரும் குழந்தையைப் போலவே அவளும் திட்ட அலுவலரின் கணக்கில் இடம்பெற வேண்டும்.